வெயிலில் உட்கார்ந்த கணு

சேர்மக்கனி உப்பு அம்பாரத்தின் நிழலில் காலை நீட்டினாள். மணிக்கட்டில் தாவுபட்டை விடாமல் துடித்தது. ஊர்க்காரன் எவனோ துறைமுகத்தோடு பேசுகிறான். பேசிவிட்டுப் போகட்டும்.

செய்திக் கோபுரங்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. இப்போது ஆள்தான் கம்பி, ஆள்தான் கணு. ஒருவர் சொல்வதைப் பட்டை துண்டு துண்டாக வெட்டி, போகவேண்டிய முகவரியையும் வரிசை எண்ணையும் ஒட்டி, பக்கத்து ஆளின் பட்டைக்குத் தள்ளும். அது அடுத்த ஆளுக்கு. ஒவ்வொரு தாவலுக்கும் துண்டின் ஆயுளில் ஒன்று குறையும். வழி தெரியாமல் சுற்றினால் ஆயுள் தீர்ந்து செத்துப்போகும். வந்து சேர்ந்ததாக ஒப்புதல் வராவிட்டால் அனுப்பியவர் பட்டை மறுபடியும் அனுப்பும்.

ஊருக்கும் துறைமுகத்துக்கும் நடுவே உப்பளம்தான். அங்கே மரம் கிடையாது. பொழுது சாய ஆரம்பித்ததும், பெருவரப்பு நெடுக நிற்கும் அம்பாரங்களின் ஓரமாகப் பெண்கள் உட்காருவார்கள். ஒரு அம்பாரத்து நிழல் ஒருத்திக்குத்தான் காணும். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதம் காய்வது அந்த நேரத்தில்தான். பேச்சும் கேலியும் அம்பாரத்துக்கு அம்பாரம் கூவிக்கூவிப் போகும்.

புதுக் கங்காணி ஞானதுரைக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன, விருந்துக்கா வந்திருக்கிய? நாளையிலருந்து இந்த உட்காருற வேலை கிடையாது."

"கால் வெந்துபோவுது அண்ணாச்சி," என்றாள் சேர்மக்கனி.

"எல்லாருக்கும் கால்தான். எந்திரி."

மறுநாள் யாரும் உட்காரவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். சாயங்காலத்துக்குள் சேர்மக்கனிக்குப் பாதத்தில் ரத்தம் கசிந்தது. அதைவிட அதிசயம், பட்டை வெறிபிடித்ததுபோல் துடித்தது. ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்து முட்டியது.

துறைமுகத்தில் கப்பல்கள் உத்தரவு வராமல் நின்றன. ஊரிலிருந்து அங்கே ஒருவர் பேச்சும் போய்ச் சேரவில்லை. செய்தி வலையைப் பராமரிக்கும் வலைக்காரி ரெஜினா கருவியோடு அளத்துக்கு வந்தாள். பட்டைகளில் பழுது இல்லை. செய்திகளின் பழைய போக்குவரத்துப் படத்தை விரித்தவள், பெருவரப்பைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"அக்கா, நீங்க வரிசையா அசையாம உட்கார்ந்த நேரத்தை வலை கண்டுபிடிச்சு வச்சிருக்கு. கனமான செய்தியெல்லாம் அப்பத்தான் அனுப்புது. நடக்கிற ஆள் மேல வழி நிக்காதுல்லா. வழி மாறிட்டே இருந்தா துண்டு எங்க போவும்?"

"அப்ப நாங்க உட்காரணுங்கியளா?"

"உட்கார்ந்தே ஆகணும்."

பக்கத்து அம்பாரத்துப் பேச்சித்தாய் மைனி கூடையைத் தொப்பென்று போட்டாள். "ஏட்டி, ஊரு கெஞ்சுது. வா, உட்காருவோம்."

முதலாளியிடமிருந்தே ஆள் ஓடி வந்தான். பொழுது சாயத் தொடங்கினால் பெண்கள் உட்கார வேண்டும், இனி அதுதான் வேலை. பெண்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். கப்பல் மட்டும் நகரவில்லை. ரெஜினா கருவியைத் தட்டினாள். நடுவில் ஓர் இடைவெளி. அங்கே இருந்த அம்பாரம் லாரி ஏறிப் போயிருந்தது. அதனடியில் உட்காரும் சந்தனமாரி, தன் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

எல்லாரும் ஞானதுரையைப் பார்த்தார்கள்.

"நானா? அங்க நெழலே இல்லியே."

"துண்டைத் தலையில போடும் அண்ணாச்சி," என்றாள் சேர்மக்கனி.

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் கப்பல் ஊதியது. வரிசை முழுக்கக் குலவை. வெயிலில் அவர் முகம் பழுத்துப்போயிற்று. பட்டையை வாயருகே கொண்டுபோய் முதலாளியிடம் முறையிட்டார்: மாற்று ஆள் வேண்டும். அந்தச் செய்தி சேர்மக்கனியின் மணிக்கட்டைத் துடிக்க வைத்து, பேச்சித்தாயைத் தாண்டி, வரிசையோடு ஊருக்குப் போயிற்று. ஒரு துண்டுகூடச் சிதறவில்லை. பதிலும் அதே வழியில் பழுதில்லாமல் வந்தது.

"முதலாளி என்ன சொல்லுதாரு அண்ணாச்சி?"

பாதி எழுந்திருந்த ஞானதுரை, துண்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.