பின்வரிசைக் குரல்

இரைச்சலைக் குறைக்கக் குறைக்க, நான்கு பிள்ளைகள் பாடிய பாட்டில் ஐந்தாவது குரல் ஒன்று தெளிந்து வந்தது.

ரூபிகா பின்னுக்கு ஓடவிட்டு மறுபடி கேட்டாள். தொண்ணூறுகளில் கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா நடத்திய சங்கீத வகுப்பு அது. கசெற் உறையில் அம்மாவின் கையெழுத்தில் நான்கு பெயர்கள்தான். பக்கவாதத்தில் பேச்சிழந்த அம்மா தன் குரலைக் கேட்கட்டும் என்றுதான், வெள்ளவத்தை பிளாட்டின் சிறிய அறையில் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, மூன்று நாளாகப் பூஞ்சணம் மணக்கும் கசெற்றுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வெளியே பகல் வெயில். கடற்கரையோரம் ரயில் போக, யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

ஐந்தாவது குரல் தடித்திருந்தது. பிள்ளையின் குரல் இல்லை.

"பின்னால இருக்கிறது, சுருதி சேரேல்லை," என்றது கசெற்றில் அம்மாவின் குரல். "மற்றாக்கள் பாடுங்கோ."

ரூபிகா பாட்டின் நடுவிலேயே கசெற்றை நிறுத்திவிட்டு, உறையில் பெயர் இருந்த நால்வரில் ஒருத்தியான, இரத்மலானையில் இருக்கும் அம்மாவின் பழைய மாணவி ரஜனியை அழைத்தாள்.

"பின்வரிசையில ஆர் இருந்தது, அக்கா?"

ரஜனி குரலைத் தாழ்த்தினாள்.

"எங்களுக்குப் பின்னால சுவர்தான், ரூபி. ரீச்சர் அப்பிடிச் சொல்லேக்க திரும்பிப் பாக்கக் கூடாது. பாட்டு முடியிற வரைக்கும் நிப்பாட்டவும் விடமாட்டா."

"நிப்பாட்டினா?"

"தெரியாது. நாங்கள் ஒரு நாளும் நிப்பாட்டேல்லை."

தொலைபேசியை வைத்தாள். கசெற் சுழலவில்லை. ஹெட்போன் மேசையில் கிடந்தது. மின்விசிறியின் கிறீச்சொலிக்கு அடியில் வேறொரு சத்தம். யாரோ மூச்சை இழுத்தார்கள். பாடத் தொடங்குமுன் இழுக்கும் மூச்சு.

விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கியது.

அவளுடைய முதுகுக்குப் பின்னால். கதிரைக்கும் சுவருக்கும் இடையில். கை நுழையவும் இடமில்லாத இடத்தில்.

சேர்ந்து பாட வாயைத் திறந்தாள். சொற்கள் வரவில்லை. பிடரி குளிர்ந்தது. திரும்பவில்லை.

கதவு மெல்லத் திறந்தது. இரண்டு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காத அம்மா நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவள் கண்கள் மகளைப் பார்க்கவில்லை. மகளின் தலைக்கு மேலே, வெகு உயரத்தில் நிலைத்திருந்தன. வலது கையால் தொடையில் தாளம் போட்டாள். கண்ணீர் வழிய வழிய, சத்தமே இல்லாத வாயால், அடுத்த வரியைப் பாடிக்கொண்டிருந்தாள்.