ஒரு வாய்த் தண்ணீர்

படகில் கால் வைத்த உடனே நஸ்ரியாவுக்கு அந்த வாடை எட்டியது. பாசி வாடை இல்லை, மீன் கவிச்சியும் இல்லை. கைக்குழந்தை தோளில் கக்கிய பால் துணியிலேயே காய்ந்துகிடந்தால் புளித்து ஒரு வாடை வருமே, அது. அதன் மேல் லேசாகச் சர்க்கரை தூவிய மாதிரி. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிஜாமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு மூன்றாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. காந்திபுரத்து இரைச்சலும் மே மாத வெயிலும் அவளுக்கு ஆகாது என்று, துணிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காரமடை தாண்டி மலைக்குள் இருக்கும் இந்த நீர்த்தேக்கத்துக்கு நிஜாம் அவளைக் கூட்டிவந்திருந்தான். அவளைச் சிரிக்கவைக்கக் காலையிலிருந்து அவன் படும் பாட்டைப் பார்த்தபின், திரும்பிப் போகலாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாடை அடிக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியவில்லை, மசக்கையாக இருக்கும் என்றான். எதிரே சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி ஒன்றிலிருந்து வந்த எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் சண்முகப்ரியா என்ற பெண், தன் அக்காவுக்கும் இப்படித்தான், தாளிக்கிற வாசம்கூட ஆகாது என்று சிரித்தாள்.

படகோட்டி அரங்கசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் சட்டைப் பொத்தான்களைத் தெறிக்கவிடுவது போல முன்னால் துருத்தியிருந்தது. கயிற்றை ஒரு இழு இழுத்து மோட்டாரைக் கிளப்பினார்.

மூன்று பக்கமும் மலை. நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைத் தண்ணீர், அதன் மேல் நாலு மணி வெயில், எங்கோ காட்டுக்குள் ஒரு மயில் அகவும் சத்தம். எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். நஸ்ரியா படகு கிழித்துப்போகும் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை வரவில்லை. பிளந்த தண்ணீர், ஆறிப்போன கஞ்சி மேல் கரண்டி இழுத்தது போல, சோம்பலாக, சத்தமில்லாமல் திரும்ப ஒட்டிக்கொண்டது. மணிக்கட்டில் ஒரு துளி தெறித்தது. வெதுவெதுப்பாக இருந்தது. துடைத்தபோது அது அறுபடாமல் ஒரு நூலாக நீண்டு விரலோடு வந்தது. விரலைத் துப்பட்டாவில் அழுத்தித் தேய்த்தாள்.

நடுத் தண்ணீரில் அரங்கசாமி மோட்டாரை நிறுத்தினார். இங்கிருந்து பார்த்தால்தான் மலை முழுசாகத் தெரியும் என்றார். பிறகு குனிந்து, கையால் அள்ளிக் குடித்தார். ஒரு கை, இரண்டு கை, ஐந்தாறு கை. விரலிடுக்கில் அது முட்டையின் வெள்ளைக்கரு போலத் தொங்கியதை நஸ்ரியா பார்த்தாள். அவர் அதையும் உறிஞ்சிக்கொண்டார்.

"மலைத் தண்ணிங்க அம்மணி," என்றார் அவளைப் பார்த்து. "ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. கொமட்டல் நின்னுபோகுமுங்க."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். நிஜாம் காலி பாட்டிலைத் தண்ணீரில் அமுக்கி நிரப்பி, அவளுக்கு முன்னால் தான் ருசிபார்த்தான்.

"நஸ்ரியா, எளநியாட்ட இருக்குது."

பாட்டில் முழுவதையும் மூச்சு விடாமல் குடித்தான். மறுபடி நிரப்பினான். அவனுடைய தொண்டை மேலும் கீழும் போய் வருவதைப் பார்க்க அவளுக்குக் கூசியது. பாட்டில் கைமாறி எதிர்ப்பக்கம் போனது. சண்முகப்ரியா குடித்தாள், உதட்டோரத்தில் வழிந்ததை நாக்கால் வழித்தாள், பிறகு பாட்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே அள்ளினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். சிரிப்பு நின்றது. பேச்சு நின்றது. மடக் மடக்கென்ற சத்தம் மட்டும்.

நஸ்ரியா நிஜாமின் தோளைத் தொட்டாள். "ஏனுங்க, போதுமுங்க. கரைக்குப் போலாம்."

அவன் திரும்பவில்லை. படகின் விளிம்பில் நெஞ்சை வைத்துப் படுத்து, முகத்தைத் தண்ணீருக்குள் இறக்கினான். அந்தப் பக்கம் சண்முகப்ரியா. அவளுக்கு அடுத்தவன். அதற்கடுத்தவன். பின்னால் அரங்கசாமி. தொட்டியில் தண்ணீர் காட்டிய மாடுகளைப் போல இரண்டு பக்கமும் வளைந்த முதுகுகள். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள். யாரும் மூச்சுக்குத் தலை தூக்கவில்லை. குமிழி வரவில்லை. கழுத்துகள் மட்டும் விம்மி விம்மித் தாழ்ந்தன.

முடியைப் பிடித்து நிஜாமின் தலையைத் தூக்கினாள். கண்கள் திறந்திருந்தன. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வெள்ளையாக, கெட்டியாக வழிந்தது. அந்தப் புளித்த வாடை அவள் முகத்தில் அடித்தது. நிம்மதியான முகம். நிக்காஹ் அன்றுகூட அவனை இவ்வளவு நிம்மதியாக அவள் பார்த்ததில்லை.

"நீயும் வா, கண்ணு," என்றான். "புள்ளைக்கு நல்லது."

அவள் கை தளர்ந்தது. தலை பழையபடி உள்ளே போனது.

அவள் வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, அரங்கசாமியைத் தாண்டிப் போய், அவர் இழுத்த மாதிரியே கயிற்றை இழுத்தாள். கிளம்பவில்லை. வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுபடி இழுத்தாள். மூன்றாவது முறை மோட்டார் இருமி, கிளம்பியது.

படகு நகர்ந்தது. அப்போதும் ஒருவரும் தலை தூக்கவில்லை. பத்து முகங்களும் தண்ணீரை உழுதுகொண்டே வந்தன. வாய் திறந்தபடி. கன்னங்கள் அதிர்ந்தபடி. அவள் நிஜாமின் பக்கம் பார்க்காமல் கரையை மட்டும் பார்த்தாள். படகுத்துறை. டிக்கெட் கொடுக்கும் கொட்டகை. தூரத்தில் ஆரஞ்சு ஜாக்கெட்டுகள், அடுத்த சவாரிக்குக் காத்திருக்கும் கூட்டமாக இருக்கும். உதவிக்கு ஆள் இருக்கிறது. கையை உயர்த்திக் கத்தினாள்.

மறுபடியும் கத்தினாள்.

இன்னும் நெருங்கினாள். துறையில் யாரும் நிற்கவில்லை. கரை நெடுக, சேற்றில் மண்டியிட்டு, தோளோடு தோள் உரச, ஒரே வரிசை. ஐம்பது பேர் இருக்கும். பெரியவர்கள், பிள்ளைகள். எல்லாத் தலைகளும் தண்ணீருக்குள்.

மோட்டார் சத்தம் கேட்டிருக்க வேண்டும். தலை தூக்காமலே, முழங்காலால் சேற்றைத் தேய்த்து, அவர்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கினார்கள். நடுவில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள்.