முழுப்பங்கு

டாக்டர் தாணுமாலயன் விழா மேடையில் ஏறி ஒலிவாங்கியைச் சரிசெய்த அதே நேரத்தில், ஜெசிந்தா இரண்டாவது பொரித்த புரோட்டாவை நொறுக்கி அதன்மேல் சால்னாவை ஊற்றினாள். முதல் புரோட்டா ஏற்கெனவே உள்ளே போய்த் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. அந்தத் தூத்துக்குடிக் கடையின் சுவர்த்திரையில் டாக்டருடைய பாராட்டு விழா நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. பொன்னாடை, பூங்கொத்து, குடல் அறுவையில் தென்மாவட்டங்களுக்கே ஒருவர் என்ற அறிமுகம், எல்லாம் முடிந்திருந்தன.

"ஏட்டி, போதும். ஒனக்குத் தயிர்ச்சோறும் வாழைப்பழமும்தான திங்கச் சொல்லியிருக்காவ?" என்றான் அவள் புருஷன் ரொசாரியோ.

"என் தட்டைப் பாக்காதீங்க. அங்க பாருங்க."

திரையில் டாக்டர், "இந்த விருதை நான்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முகம் வெளிறி, நெற்றி நனைந்தது. ஜெசிந்தாவின் கையிலிருந்த வளை விர்ரென்று அதிர்ந்தது. கழிவறைக்குப் போ என்று அதற்கு அர்த்தம். அவள் போகவில்லை. இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டாள்.

டாக்டர் மேடையிலிருந்து இறங்கி, பொன்னாடை தரையில் புரள ஓடினார். ஓடி என்ன புண்ணியம்? கழிவறைக்குப் போக வேண்டியவர் அவர் இல்லையே, இவளல்லவா! இவள் போகும்வரை அவர் எங்கே ஓடினாலும் நின்றாலும் அந்த முட்டல் தீராது. ஜெசிந்தா நிதானமாகக் கை கழுவி, கண்ணாடியில் தலையைச் சரிசெய்து, பிறகுதான் போனாள். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! வயிறு குளிர்ந்துபோயிற்று.

ஈடுணர்வுச் சட்டம் வந்த பிறகு நாட்டில் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. தவறான சிகிச்சைக்கு யாரும் நஷ்டஈடு கேட்பதில்லை. நோயாளி படுகிற அவதியை, தவறு செய்த மருத்துவரே பட வேண்டும், அவ்வளவுதான். நோயாளியின் நரம்பில் மயிரைவிட மெல்லிய ஓர் இழையைச் செருகுவார்கள். நரம்பிழை என்று பெயர். மருத்துவரின் இடுப்பில் ஓர் ஏற்புக்கச்சையைப் பூட்டுவார்கள். இங்கே எழும் வலி, எரிச்சல், முட்டல் எல்லாம் காற்றுவழி அங்கே போய்விடும். உணர்வு அங்கே போனால், அடக்கு என்ற கட்டளையும் அங்கிருந்துதானே வர வேண்டும்? அதற்கும் வழி செய்திருந்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினால் நோயாளியின் தசை இங்கே இறுகும். வேண்டுமென்றே அடக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயமே வேண்டாம். அந்த முட்டல் வந்தால் எந்த மனிதனும் தன்னையறியாமல் அடக்கத்தான் செய்வான்.

எவ்வளவு போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க நோயாளியின் வளையில் ஒரு பங்குத்திருகு உண்டு. கால், அரை, முழுசு. ஜெசிந்தா முதல் நாளே முழுசுக்குத் திருகிவிட்டாள்.

அவள் கோபத்தில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள் அவள். இயந்திரங்கள் தாமாகவே கன்டெய்னர்களைத் தூக்கி வைக்கும் காலம்தான். ஆனால் காற்று வெறிபிடித்து வீசும் நாட்களில் அவை கையை விரித்துவிடும். அப்போது மேலே கண்ணாடிக் கூண்டில் ஒரு மனுஷி உட்கார்ந்தால்தான் கப்பல் காலியாகும். அந்த மனுஷி இவள். பெருங்குடல் முழுக்கப் புண் வந்து அதை எடுக்க வேண்டியிருந்தபோது, தாணுமாலயன்தான் அறுவை செய்தார். சிறுகுடலின் முனையை மடித்து, தூண்டில் முள்போல வளைத்து, ஆசனவாய்க்கு மேலே ஒரு பையாகத் தைத்து வைப்பார்கள். தூண்டில்பை என்று சொல்வார்கள். வைக்கும்போது அது முறுக்கிக்கொண்டுவிட்டது. முறுக்கிய பையில் எது தங்கும்? ஓயாமல் ஓடினாள். துணி நனைந்தது. தோல் வெந்தது. கிரேன் கையைவிட்டுப் போயிற்று. இரண்டு வருஷம் அவரிடமே போய் அழுதாள்.

"உங்களுக்கு உடம்புல ஒண்ணுமில்லம்மா. எல்லாம் மனசுலதான். நடங்க, தண்ணி குடிங்க, நல்லாத் தூங்குங்க," என்று சொல்லி அனுப்பினார், ஒவ்வொரு தடவையும்.

கடைசியில் மதுரையில் வேறொருவர் திறந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார். பழைய பையைப் பிரித்துப் புதுப் பை தைத்தார். அது ஆறும்வரை, கழிவு வெளியேற வயிற்றில் போட்ட துளையின்மேல் ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். வயிற்றுத் துளையை மூடிய அன்றுதான் தீர்ப்பாயம் அவளுக்கு நரம்பிழை செருகச் சொன்னது. அவள் மறுபடி கிரேனில் ஏறும் நாள்வரை டாக்டர் கச்சையைக் கழற்றக் கூடாது என்பது தீர்ப்பு.

இழையைச் செருகிய செவிலி உமையாள் அப்போதே சொன்னாள்: "அரைப்பங்கு வச்சுக்கோங்கக்கா. பாதி அவருக்கு, பாதி ஒங்களுக்கு. ஒங்களுக்கும் கொஞ்சம் உறுத்தணும். புதுப் பை பழகணும்னா..."

"எனக்கு எதுக்கு உறுத்தணும்? ரெண்டு வருசம் உறுத்துனது காணாதா?" என்று சொல்லிக்கொண்டே ஜெசிந்தா திருகை முழுசுக்குத் தள்ளினாள். உமையாளின் பேச்சு பாதியிலேயே நின்றுபோனது.

பிறகு என்ன, ராஜவாழ்க்கைதான். ஜெசிந்தா மாதா கோவிலில் முழுப் பூசையும் உட்கார்ந்து கண்டாள். நாத்தனார் மகள் கல்யாணத்தில் பந்தியில் முன்வரிசையில் அமர்ந்து பிரியாணி தின்றாள். திருச்செந்தூர் வரைக்கும் பேருந்தில் போய் வந்தாள். வளை அதிரும்போது எழுந்து போவாள். சில சமயம் வேண்டுமென்றே தாமதித்துப் போவாள். அவளுக்கு ஒரு முட்டலும் இல்லை, ஓர் எரிச்சலும் இல்லை. இதைவிட வேகமாகத் தேறியவர்களைப் பார்த்ததில்லை என்று தெருவே மெச்சியது.

டாக்டரோ பாதி ஆளாய் இளைத்துப்போனார். அறுவைக் கூடத்துக்குப் போவதை நிறுத்தினார். புரோட்டாவின் வாடை பட்டாலே எழுந்து ஓடுகிறார் என்று அவருடைய மருத்துவமனைப் பணியாளர் ஒருவர் சொல்லக் கேட்டு, ஜெசிந்தா அன்றைக்கும் புரோட்டா வாங்கிவரச் சொன்னாள்.

மாதங்கள் போயின. வளை அதிர்வது குறைந்துகொண்டே வந்தது. பை விரிகிறது, நாம் தேறிவிட்டோம் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு குறை. திரையில் அவருடைய கூட்டங்களைப் பார்த்தால் டாக்டர் இப்போது ஓடுவதில்லை. இவள் மிளகாய்ப்பொடியைக் குழைத்துத் தின்றாலும் அவர் பேச்சின் நடுவே ஒரு நொடி நிறுத்திவிட்டு மேலே பேசினார். அவளுக்கு அது பொறுக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவரே வீடு தேடி வந்தார். ரொசாரியோ நாற்காலியை இழுத்துப் போட்டான். ஜெசிந்தா நின்றபடியே இருந்தாள்.

"பை முறுக்குனது என் கையாலதான்," என்றார் டாக்டர். "ரெண்டு வருஷமா நீங்க சொன்னத நான் காதுல வாங்கல. தப்பு. அது என்னன்னு இப்ப எனக்கு நல்லாத் தெரியும்."

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்? கச்சையைக் கழத்தணும், அதுக்குத்தான வந்திருக்கீங்க?"

"இல்லம்மா. எனக்குப் பழகிட்டு. வர்றது காத்தா, கழிவான்னு பிரிச்சுச் சொல்லுவேன். எவ்வளவு நேரம் புடிச்சு வைக்கலாம், எங்க இறுக்கணும், எப்ப மூச்ச விடணும், எல்லாம் கத்துக்கிட்டேன். ஆனா இதெல்லாம் நீங்க கத்துக்கிட வேண்டியது. ஒங்க தசைக்கு வலு இருக்கு, அதை ஏவத்தான் ஒங்களுக்குத் தெரியாது. இழையை எடுத்த அன்னைக்குத் தவிச்சுப் போவீங்க. தயவுசெஞ்சு திருகை அரைக்குக் கொண்டு வாங்க."

ஜெசிந்தா சிரித்தாள். இத்தனை நாள் நெஞ்சுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை எடுத்துப் போட இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"உங்களுக்கு உடம்புல ஒண்ணுமில்ல டாக்டர். எல்லாம் மனசுலதான். நடங்க, தண்ணி குடிங்க, நல்லாத் தூங்குங்க."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். முகம் சிவந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"மனுசன் நல்லதுக்குச் சொன்னமாரில்லா இருக்கு?" என்றான் ரொசாரியோ.

"அவரு நல்லது எனக்குத் தெரியும். நீங்க சும்மா கெடங்க," என்றாள் ஜெசிந்தா.

துறைமுகத்தின் உடற்சோதனையில் அவள் சுலபமாகத் தேறினாள். கிரேன் கூண்டின் மாதிரி ஒன்றில் உட்கார வைத்து, வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, நீண்ட நேரம் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. எங்கேயோ ஓர் அறையில் டாக்டர் அவளுக்காக அடக்கிக்கொண்டிருந்தார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. தீர்ப்பின்படி, வேலைக்குத் திரும்பும் அன்று காலையில் உமையாள் நரம்பிழையை உருவி எடுத்தாள். அதே நேரத்தில் டாக்டரின் கச்சையும் திறந்துகொண்டது.

அன்றைக்குக் காற்று பேயாட்டம் ஆடியது. ஜெசிந்தா கூண்டில் உட்கார்ந்து நெம்புகோலைப் பிடித்ததும் அவளுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. கீழே கப்பல், அதற்கப்பால் கடல், தூரத்தில் உப்பளங்களின் வெள்ளை. எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! முதல் கன்டெய்னரைப் பூப்போல் இறக்கினாள். இரண்டாவதும் அப்படியே இறங்கியது. அடுத்ததைக் கப்பலிலிருந்து தூக்கி நடுவானத்தில் நிறுத்தியிருந்தபோது, அடிவயிற்றில் ஏதோ அசைந்தது.

பசியோ என்று முதலில் நினைத்தாள். அது இறங்கியது, முட்டியது. கையைப் பார்த்தாள். அங்கே வளை இல்லை, வெறும் தழும்புதான் இருந்தது. வயிற்றை எக்கினாள். பல்லைக் கடித்தாள். கால்களைப் பின்னினாள். எல்லாம் இறுகின, இறுக வேண்டிய ஒன்றைத் தவிர. காற்றா, கழிவா? அதுவும் தெரியவில்லை. பெட்டி காற்றில் ஊசலாடியது, கீழே ஆட்கள் நின்றார்கள். அதை இறக்காமல் இவள் இறங்க முடியாது.

காதுப்பேசியில் உமையாளைக் கூப்பிட்டாள். "உமையா, முட்டுதுட்டி! எதை இறுக்கணும்? சீக்கிரம் சொல்லு."

"ஐயோ அக்கா, நான் படிச்சதச் சொல்லலாம், அது அந்தரத்துல ஒதவாது. இத்தனை மாசமும் ஒங்க பையை அடக்கி வச்சிருந்தது அவருல்லா? அதோட சூட்சுமம் அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும்."

ஜெசிந்தாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தாலும் அந்த ஆளிடம் கேட்பதில்லை என்று நினைத்தாள். அடுத்த முட்டல் வந்தது. அவருடைய எண்ணை ஒற்றினாள்.

டாக்டர் உடனே எடுத்தார். பின்னால் தோசைக்கல்லில் கரண்டிகள் தாளம்போடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க ஜெசிந்தாம்மா."

"டாக்டர்... நான் மேல இருக்கேன். வருது. எப்படிப் புடிச்சு வைக்கிறது? ஒங்களுக்குத் தெரியும்லா, சொல்லுங்க!"

புரோட்டாவை விரல்களால் நொறுக்கும் சத்தம் மட்டும் தெளிவாக வந்தது.

"எத்தனையோ மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் ஆசையாப் பொரிச்ச புரோட்டா முன்னால உக்காந்திருக்கேன்," என்றார் டாக்டர். "சால்னா ஆறிரும்மா. தின்னுட்டுச் சொல்லுதேன். போனை வச்சுராதீங்க."

ஜெசிந்தா நெம்புகோலை இறுகப் பிடித்தபடி, அவர் மெல்லுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் மென்றார். நடுவில் ஒருமுறை இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டார். அவள் போனை வைக்கவில்லை.