துண்டுக்குள் நாலாவது கை

இத்தனை வருஷம் அந்துருண்டைகளோடு பீரோவில் மடிந்து கிடந்த துண்டு, அன்று ஈரமாக இருந்தது.

மருதப்பன் அதை மூக்கருகே கொண்டுபோனார். அந்துருண்டை வாசனை போன இடம் தெரியவில்லை. அலை பின்வாங்கியதும் சேற்றிலிருந்து கிளம்புமே, அந்த உப்பு வாடைதான் அடித்தது. சிராங்கூன் சாலை நகைக்கடையின் மேல்மாடிக்குக் கடல் எப்படி ஏறி வரும்? 'ஏசி ஒழுகியிருக்கும்' என்று தன்னிடமே பேரம் பேசி, தானே ஒத்துக்கொண்டார்.

பரம்பரை வைரத் தரகர். துண்டால் கையை மூடி, உள்ளே விரல் பிடித்துப் பேசும் தொழில். எத்தனை விரல் பிடிக்கிறார்களோ அத்தனை கேட்கிறார்கள். உள்ளங்கையை அழுத்தினால் பேரம் முடிந்தது. அழுத்திய பிறகு ஆண்டவனே வந்து கேட்டாலும் மாற்ற முடியாது. மருதப்பனின் கொள்ளுத்தாத்தா இதே கருநீலத் துண்டுக்குள் இரண்டு ராஜாக்களுக்கு நடுவே ஒரு தீவையே பேசி முடித்தவர். தீவின் பெயர் புலாவ் செனியாப். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அதனால்தான் இன்று இரண்டு அரண்மனையும், அது எங்களுடையது, எங்களுடையது என்று மாற்றி மாற்றிக் கொடி நட்டுக்கொண்டிருந்தன. வழக்கறிஞர்கள் கைவிரித்த பிறகு, பழைய துண்டு, பழைய தரகர் குடும்பம், பொது இடமாகச் சிங்கப்பூர் என்று முடிவாயிற்று.

"ஆளில்லாத தீவுக்கு ரெண்டு ராஜா. ஆங் மோ கியோ மூணு ரூம் வீட்டுக்கு அண்ணன் தம்பி அடிச்சுக்கிறதே தேவலை லா," என்று மகள் இளமதியிடம் சிரித்திருந்தார். அவள் நில அளவையாளர். இரு தரப்புக்கும் பொதுவாகத் தீவை அளக்க அவளையே சிபாரிசு செய்து, காலையில் படகேற்றி அனுப்பியதும் அவர்தான். மனைவி போன பிறகு, அவர் விலை பேசாமல் வைத்திருந்த ஒரே சொத்து அவள்.

மூன்று மணிக்கே வானம் இருட்டி, மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. கீழே பூக்கடை மல்லிகையும் ஊதுபத்தியும் கலந்து படியேறி வந்த வாசனை, அறை வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே உப்பு மட்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ராஜாவின் மகன் துங்கு ரிஸ்வான், விரலுக்கொரு மோதிரத்தோடு. இந்தப் பக்கம் இன்னொரு ராஜாவின் மகள் துங்கு ஹனீன், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தீவைப் பத்துப் பங்கா வெச்சுக்குவோம்," என்றார் மருதப்பன் சந்தை மலாயில். "ஆளுக்கு எத்தனைன்னு விரல் சொல்லட்டும்."

தனித்தனியாகக் கை பிடித்தார். ரிஸ்வான் முதலில் ஐந்து விரல், பிறகு இரண்டு: ஏழு. ஹனீனும் ஏழு.

"பத்துல பதினாலு கேக்கறீங்க. தீவை இழுத்துத்தான் நீட்டணும்."

"முதல்ல அவங்க கொடியை இறக்கச் சொல்லுங்க அங்கிள்," என்றான் ரிஸ்வான்.

"உங்க அப்பா நட்ட கொடி காத்துல தானே விழுந்துடுச்சு," என்றாள் ஹனீன்.

மருதப்பனின் கைப்பேசி மினுங்கியது. இளமதியின் குரல் பதிவு. காதில் வைத்துக் கேட்டார்.

"அப்பா, இங்க யாருமே இருந்ததில்லைன்னு யார் சொன்னா? மரத்தடியெல்லாம் சின்னச் சின்னக் கல்லறை. நூத்துக்கு மேல எண்ணிட்டேன். இவங்க கிட்ட யாராச்சும் கேட்டாங்களா? சரி, மழை வருது, படகுக்குப் போறேன்."

செத்துப்போன தன் அப்பா தொழில் சொல்லிக்கொடுத்த முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்தது: "எல்லாரும் கை போட்டதும் எண்ணு. மூணுக்கு மேல இருந்தா துண்டை உதறிட்டு எழுந்து வந்துடு." ஏன் என்று அப்பா சொல்லவில்லை. தீவு பேரம் முடிந்த அன்று அங்கே போயிருந்த கொள்ளுத்தாத்தாவின் தம்பி திரும்பவே இல்லை என்பதையும் வீட்டில் யாரும் பேசியதில்லை.

"சேர்ந்தே கை போடுங்க," என்றார். சீக்கிரம் முடித்துவிட வேண்டும்.

துண்டுக்குள் மோதிரங்கள் உரசின. ரிஸ்வான். மெலிந்த, சூடான விரல்கள். ஹனீன். நடுவில் தன் வலது கை.

பிறகு இன்னொன்று.

குளிர்ந்த கை. ஊறிப்போன தோல், மணல் ஒட்டிய நகங்கள். அது அவசரப்படவில்லை. நல்ல வியாபாரியைப் போல அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தது.

ஒன்று.

ரிஸ்வானின் இடது கை காப்பிக் கோப்பையில். ஹனீனின் இடது கை கைப்பேசியில்.

உதறியிருக்க வேண்டும். ஆனால் பதினாலு கேட்ட இடத்தில் ஒன்று கேட்டால், எந்தத் தரகர் விடுவார்? பத்தில் ஒரு பங்கு, மலிவு என்று மனம் கணக்குப் போடுவதற்குள், நாற்பது வருஷப் பழக்கத்தில் அவர் கை முந்திக்கொண்டது.

உள்ளங்கையை அழுத்திவிட்டார்.

ஜன்னலில் மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை.

"ஏன் இவ்வளவு ஈரம்?" ரிஸ்வான் கையை வெளியே இழுத்து, கைக்குட்டையால் துடைத்தான்.

மருதப்பனின் கைப்பேசி அடித்தது. அவர் அசையவில்லை. ஹனீன் துண்டிலிருந்து கையை எடுத்து, அழைப்பை ஏற்று, ஒலிபெருக்கியைப் போட்டாள். படகுக்காரர் மலாயில் கத்தினார். காற்று. அலை.

"உங்க மகள் படகுல ஏற என்கிட்ட கை நீட்டினாங்க. நான் பிடிக்கறதுக்குள்ள யாரோ பிடிச்ச மாதிரி அப்படியே நின்னாங்க. பக்கத்துல யாரும் இல்ல. முழங்கால் தண்ணிதான். ஒரு இழுப்பு... ஆளையே காணோம்..."

ஒன்று.

எதில் ஒன்று என்று அவர் கேட்கவே இல்லை.

ரிஸ்வானின் இரண்டு கைகளும் மேசைமேல். ஹனீனின் இரண்டு கைகளும் கைப்பேசியில். தன் இடது கை நாற்காலிப் பிடியில்.

வலது கையின் ஆள்காட்டி விரலை இன்னும் ஏதோ பிடித்திருந்தது.

ஆனால் பிடி மாறியிருந்தது. ஊறிய தோல் இல்லை. இளசு. கட்டைவிரல் ஓரத்தில் ஒரு தழும்பு; தீபாவளி மத்தாப்பு சுட்டது, இளமதியின் ஏழு வயதில். அவர்தான் மருந்து போட்டார்.

"அங்கிள்?" என்றாள் ஹனீன். "பேரம்... முடிஞ்சதா?"

மேசை நடுவே துண்டு மேடிட்டிருந்தது. அவர் கையின் மேடு. அதைப் பற்றிய இன்னொரு கையின் மேடு. மணிக்கட்டு வரை. அதற்கு அப்பால் துணி தட்டையாக மேசையில் படிந்து கிடந்தது. ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவர் துண்டைத் தூக்கவில்லை. விரலையும் விடவில்லை.

சின்ன வயதில் சிராங்கூன் சாலையைக் கடக்கும்போது அப்படித்தான் அவள் ஒரே ஒரு விரலைப் பிடித்துக்கொள்வாள். வண்டி வராத நேரம் பார்த்து, வாங்கப்பா என்று மெதுவாக இழுப்பாள்.

துண்டுக்குள் அது மெதுவாக இழுத்தது.