எல்லோரும் தவறவிட்ட ஒரே கேள்வி

டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"நாளைக்குள்ள பதில் சொல்லணும்னு பிரின்சிபால் சொல்லிட்டார். இல்லன்னா வேலை போயிடும். கேள்வியை வித்தவள்னு பேர் வந்துட்டா வேற எங்கயும் சேர்க்க மாட்டாங்க சார்."

எதிரே இருந்தவரைத் தெருவே நிதானம் என்றுதான் கூப்பிடும். ஓய்வு பெற்ற போலீஸ்காரர். காபிக் கோப்பையைக் கீழே வைப்பதில்கூட அவசரம் கிடையாது. அவருடைய மச்சான் நேர் எதிர். அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா," என்றார் நிதானம்.

அது ஒரு சின்ன ஆங்கிலப் பயிற்சி நிலையம். காலை வகுப்புக்கு ஆபீஸ் வேலைக்காரர்கள் வருவார்கள். மாலை வகுப்புக்கு மெக்கானிக்குகள், பட்டறையிலிருந்து நேராக. கப்பல் இன்ஜின் அறை வேலைக்கு அவர்களுக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும்.

தேர்வு, பெயரடைத் தொடரையும் வினையடைத் தொடரையும் பிரித்தறிவது. மேசை மேல் வாக்கியங்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் தொடர் மட்டும் தனி அட்டையில். ஒவ்வொருவராக உள்ளே போய், பெயரைப் பற்றிச் சொல்லும் தொடரை நீலத் தட்டிலும், வினையைப் பற்றிச் சொல்லும் தொடரைச் சிவப்புத் தட்டிலும் போட வேண்டும்.

"முதல் வார்த்தையைப் பார்த்தே சொல்லிடலாமே?" என்றான் மச்சான்.

"முடியாது. எல்லாமே இங்கிலீஷ் 'வென்', 'வேர்'னுதான் தொடங்கும். வேணும்னே அப்படி எழுதினேன். காலை வகுப்புல பாதிப் பேர் திணறினாங்க. மாலை வகுப்புல எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. எல்லாருக்கும் அதே ஒண்ணு!"

மச்சான் விரலைச் சொடுக்கினான். "பதில் வெளியே போயிருக்கு அத்தான். அதுல ஒரு பதில் தப்பு."

"என்கிட்ட இருக்கற பதில் எல்லாம் சரி," என்றார் டீச்சர். "பிரின்சிபாலே பார்த்தார்."

நிதானம் எழுந்தார். "அந்த அட்டைகளைப் பார்க்கணும்."

பயிற்சி நிலையத்தில் அலமாரிச் சாவி கிளார்க்கிடம் இருந்தது. மச்சான் அவரை முறைத்தான். அவர் பதிலுக்கு முறைத்தார்.

"என் இங்கிலீஷுக்கு நான் பதிலை வித்தா வாங்கினவன்தான் ஃபெயிலாவான்," என்றார்.

அட்டைகள் இரண்டு கட்டு. காலை வகுப்புக்கு ஒன்று, மாலை வகுப்புக்கு ஒன்று. மாலைக் கட்டை நிதானம் மேசையில் பரப்பினார்.

"வகுப்புல பாடம் நடத்தறதும் இதே அட்டைங்கள வச்சுத்தானா?"

"ஆமா. போர்டுல ஒட்டி வைப்பேன். வினையடைத் தொடர்னா வாக்கியத்தோட முன்னாலயும் போகும், பின்னாலயும் போகும். பெயரடைத் தொடர் அதோட பெயரை விட்டு அசையாது. அதனால யோசிச்சுட்டுத் தொடுங்கன்னு சொல்வேன். நகரக்கூடியதை மட்டும் எடுத்து முன்னால வைக்கணும். மத்ததுல கை படக்கூடாது."

"எல்லாரும் தவறவிட்டது எது?"

டீச்சர் ஓர் அட்டையைக் காட்டினார். 'வென் தி இன்ஜின் ஸ்டாப்ட்.' இன்ஜின் நின்றதும் வீட்டுக்குப் போனோம் என்ற வாக்கியத்தின் தொடர். எளிதில் நகரும். வினையடை.

"இன்ஜின்லயே கோட்டை விட்டுட்டாங்களா!" மச்சான் சிரித்தான்.

"எழுத்து பளிச்சுன்னு இருக்கே," என்றார் நிதானம்.

"பழசு மேல டீ கொட்டிருச்சு சார். தேர்வுக்கு முந்தின நாள் புதுசா எழுதினேன்."

நிதானம் கேட்டுக்கொண்டார். பிறகு மெக்கானிக்குகளில் மூத்தவரை வரச் சொன்னார். அவர் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். நாற்காலி அழுக்காகிவிடும் என்றார். கிளார்க் நீட்டிய தண்ணீர் டம்ளரில் அவர் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது.

பிரின்சிபாலும் வந்து சேர்ந்தார். "திருடன் யாருன்னு தெரிஞ்சுதா?"

"திருடனே இல்லை. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. இருந்தாலும் இந்தத் தேர்வை இப்ப எழுதட்டுமா?"

நிதானம் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு தட்டிலும் போட்டார். டீச்சர் பார்த்தார். எல்லாம் சரி. ஒன்றைத் தவிர. அதே ஒன்று.

பிரின்சிபால் தட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அத்தான், எப்படி?"

"படிக்கவே இல்லை மச்சான். ஓரத்தை மட்டும் பார்த்தேன். மாசக்கணக்கா இவங்க கிரீஸ் கையோட தொட்டு நகர்த்தினது வினையடை. தொடக்கூடாதுன்னு விட்டது பெயரடை. தேர்வுல ஒரு தடவை தொட்டா லேசாத்தான் படியும். அதனால கறை ஏறிக் கறுத்திருந்தா சிவப்புத் தட்டு, இல்லன்னா நீலத் தட்டு. டீ கொட்டினதால ஒரு வினையடைக்கு மட்டும் புது அட்டை வந்துச்சு. அதுல தேர்வுக்கு முன்னால யார் கையும் படலை. எல்லாரும் அதை நீலத்துல போட்டுட்டாங்க."

"காலை வகுப்பு?" என்றார் பிரின்சிபால்.

"அவங்க கை சுத்தம். அவங்க கட்டும் சுத்தம். பாவம், யோசிக்க வேண்டியதாப் போச்சு."

டீச்சர் ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தினமும் கையில எடுக்கறேன். என் கண்ணுல படலையே."

"நீங்க எழுத்தைப் பார்த்தீங்க."

மெக்கானிக் தலை குனிந்தார். "கறையைப் பார்த்துப் போட்டுடலாம்னு நான்தான் சார் மத்தவங்களுக்குச் சொன்னேன். டீச்சர் வேலைக்கே ஆபத்து வரும்னு நினைக்கலை. மன்னிச்சுடுங்க டீச்சர். கப்பல் வேலை எனக்கு வேணாம்."

"வேணுமா வேணாமான்னு தேர்வுக்கு அப்புறம் சொல்லுங்க," என்றார் டீச்சர். "நாளைக்கு மறுதேர்வு. அட்டையெல்லாம் புதுசு."

பிரின்சிபால் தொண்டையைச் செருமினார். "வேலையைப் பத்தி நான் சொன்னதை மறந்துடுங்கம்மா."

மறுநாள் மெக்கானிக் முதல் ஆளாக வந்தார். கைகளைத் தோல் சிவக்கத் தேய்த்திருந்தார். அறை முழுக்க சோப்பு வாசனை. நிதானமும் மச்சானும் கதவோரம் நின்றார்கள்.

மெக்கானிக் மெதுவாகப் படித்தார். உதடு அசைந்தது. இரண்டு தப்பாகப் போட்டார். மச்சான் பல்லைக் கடித்தான். கடைசியில் இன்ஜின் அட்டை. மெக்கானிக் அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்தார். பிறகு எடுத்து வாக்கியத்தின் முன்னால் வைத்து வாய்விட்டுப் படித்தார். வாக்கியம் உடையவில்லை. சிவப்புத் தட்டில் போட்டார்.

"பாஸ்," என்றார் டீச்சர்.

அவர் போன பிறகு டீச்சர் தட்டிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். கையை அவ்வளவு தேய்த்துக் கழுவியிருந்தும், மூலையில் மெல்லிய கறுப்புக் கட்டைவிரல் ரேகை.

டீச்சர் அதைக் கிழித்தார். இன்னொரு வெள்ளை அட்டையை எடுத்து, அதையே மறுபடி எழுதினார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்.