அப்பா ஒட்டிய பள்ளிக்கூட மணி

யதுஷாவின் வீட்டுக் கராஜில் கார் கிடையாது. ஒரு வெல்டிங் மெஷினும், ஒரு கிரைண்டரும், மூலை நிறையப் பழைய இரும்பும்தான் உண்டு. அவளுடைய அப்பா யோகநாதன் கிழமை நாட்களில் காப்புறுதிக் கந்தோருக்கு வேலைக்குப் போவார். சனிக்கிழமை விடிந்தால் போதும், பழைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு கராஜுக்குள் புகுந்துவிடுவார்.

வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கை முழுவதற்கும் உடைந்ததை ஒட்டிக் கொடுப்பவர் அவர்தான். கதிரைக் கால், கேற் பிணைச்சல், சைக்கிள் கரியர் எல்லாம் அவரைத் தேடி வரும். ஒரேயொரு குறை, அவருக்குக் கொஞ்சமாக ஒட்டத் தெரியாது. இரண்டு இடத்தில் ஒட்ட வேண்டியதைப் பத்து இடத்தில் ஒட்டுவார். போதாக்குறைக்கு நாலு கம்பியும் சேர்ப்பார். அம்மா உடுப்புக் காயப்போடும் ஸ்டாண்ட் கராஜுக்குப் போய் வந்த நாளிலிருந்து அதை நகர்த்த இரண்டு பேர் வேண்டும்.

"இனி இது உடையவே உடையாது," என்றார் அப்பா பெருமையாக.

"அசையவும் அசையாது," என்றாள் அம்மா சுபோதினி.

சரி, நாங்கள் கதைக்கு வருவோம்.

யதுஷாவின் பள்ளிக்கூடத்தில் மணி என்றால் அது ஒரு தண்டவாளத் துண்டு. ஓர் அடி நீளம். மேலே ஒரு துளை. அந்தத் துளையில் கம்பி கோத்து விறாந்தையில் தொங்கவிட்டிருந்தார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பெயர் வரிசைப்படி கிழமைக்கு ஒருவராக அதை அடிப்பார்கள். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் சுத்தியலை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அந்தக் கிழமை யதுஷாவின் முறை. அடுத்தது ரிப்கான். அவன் ஒன்றாம் ஆண்டிலிருந்து அந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தவன். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு முன்னதாகவே வந்து, கையை நீட்டியபடி நின்றான்.

யதுஷா ஓங்கி ஓர் அடி அடித்தாள். துருப்பிடித்த கம்பி பட்டென்று அறுந்தது. தண்டவாளத் துண்டு தடாலென்று அவள் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது!

அதிபர் சிவபாலன் சேர் ஓடி வந்தார். அவருடைய முகம் வெளிறிப் போயிருந்தது.

"காலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது போதும். திங்கட்கிழமை கரண்ட் மணி பூட்டுவோம். கந்தோரில் இருந்தே நான் சுவிட்சை அமத்திவிடுவேன்."

ரிப்கான் நீட்டிய கையை மெல்ல இறக்கினான். அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. யதுஷாவுக்குத்தான் பொறுக்கவில்லை. நான் அடித்துத்தானே விழுந்தது என்று நினைத்தாள்.

"சேர், எங்கட அப்பா வெல்டிங் செய்வார். திங்கட்கிழமைக்குள்ள திருத்தித் தருவார்!"

அதிபர் யோசித்தார். "சரி பிள்ளை. ஆனால் இரண்டு விஷயம். மணி விழக்கூடாது. மைதானத்துக் கடைசியில் நிற்கிற பிள்ளைக்கும் கேட்க வேண்டும்."

தண்டவாளத் துண்டை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய், யதுஷா அந்த இரண்டு விஷயத்தையும் சொன்னாள். அப்பாவின் காதில் முதலாவது மட்டும்தான் ஏறியது.

"விழக்கூடாதோ? நான் ஒட்டித் தாறன், ஆனை வந்து இழுத்தாலும் விழாது!"

சனிக்கிழமை முழுவதும் கராஜுக்குள் 'சர்ர்... சர்ர்...' என்று சத்தம். வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்குக் கூடாது என்பதால் யதுஷா உள்ளே போகவில்லை. பின்னேரம் அப்பா கதவைத் திறந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார். நாலு கால் வைத்த பெரிய இரும்பு ஸ்டாண்ட். நடுவில் தண்டவாளத் துண்டு. மேலே ஒட்டு, கீழே ஒட்டு, இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி.

அந்த நேரம் பார்த்து ரிப்கானும் சைக்கிளில் வந்து இறங்கினான். அப்பா சுத்தியலை அவனிடம் நீட்டினார். "அடியும் தம்பி, பாப்பம்!"

ரிப்கான் முழுப் பலத்தோடு அடித்தான்.

'டொக்.'

இன்னொரு தரம் அடித்தான். 'டொக்.' மரப்பலகையில் தட்டினாற்போல இருந்தது.

"எப்படி, அசையுதோ?" என்று கேட்டார் அப்பா, முகமெல்லாம் சிரிப்பாக.

"இல்ல அங்கிள். நல்லா இருக்கு," என்றான் ரிப்கான். சுத்தியலைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். ஏறி ஓடக்கூட இல்லை.

யதுஷாவுக்கு இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. மைதானத்துக்கு என்ன, பக்கத்து வகுப்புக்கே இந்த மணி கேட்காது. ஆனால் நாள் முழுக்க வேர்த்து ஒழுகிய அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது? அதோடு, நேற்று வரைக்கும் 'டாங்' என்ற இரும்பு இன்றைக்கு ஏன் 'டொக்' என்கிறது? அதுவும் அவளுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டி மூடி நழுவிக் கீழே விழுந்தது. கிணிணிணிங் என்று சுழன்று சுழன்று வீடெல்லாம் சத்தம். அம்மா குனிந்து மூடியை உள்ளங்கையால் அமத்தினாள். சத்தம் சட்டென்று நின்றது.

யதுஷா துள்ளி எழுந்தாள். "அம்மா, இன்னொருக்கா போடுங்கோ!"

"உனக்கென்ன விசரே பிள்ளை?"

"ஒரேயொரு தரம் அம்மா!"

அம்மா போடவில்லை. யதுஷாவே மூடியை எடுத்து, கரண்டியால் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு மூடியும் கரண்டியுமாகக் கராஜுக்கு ஓடினாள்.

"அப்பா, நான் இந்த மூடியைப் பிடியில தூக்கிப் பிடிக்கிறன். நீங்கள் தட்டுங்கோ."

அப்பா தட்டினார். 'கிணிங்ங்ங்!'

"இப்ப?" யதுஷா மூடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடித்தாள்.

அப்பா தட்டினார். 'டொக்.'

அப்பா மூடியைப் பார்த்தார். ஸ்டாண்டைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"நானும் அதை இப்படித்தான் கட்டிப்பிடிச்சு வைச்சிருக்கிறன், என்ன?"

"ஓம் அப்பா. அது ஆடினால்தான் சத்தம் வரும்போல. ஸ்டாண்ட் சரியான பலம் அப்பா. அதை ஒன்றும் செய்ய வேண்டாம். தண்டவாளத்தை மட்டும் விட்டுவிடுங்கோ."

 அப்பா சிரித்தபடி கிரைண்டரை எடுத்தார். "நீ வெளியில நில், பொறி பறக்கும்."

ஒட்டிய இடமெல்லாம் வெட்டுப்பட்டது. பழைய துளையில் புதிய சங்கிலி ஏறியது.

"இரண்டு சங்கிலி போடுவம். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும்," என்றார் அப்பா.

"அது நல்லது."

"மூன்று?"

"அப்பா!"

"சரி, சரி. இரண்டு."

யதுஷா சுத்தியலை எடுத்து ஓர் அடி அடித்தாள்.

'டாங்ங்ங்ங்!'

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அம்மா குசினியிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அப்பாடா, மணி இப்பதான் வாய் திறந்திருக்கு!"

திங்கட்கிழமை காலை அப்பா கந்தோருக்குப் போகுமுன் ஸ்டாண்டையும் யதுஷாவையும் ஓட்டோவில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். அதிபர் அதைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. சங்கிலிகளைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார். அறவில்லை. "இது யாருடைய யோசனை?" என்றார். அப்பா யதுஷாவின் தோளில் கையை வைத்தார்.

"சரி, யாருடைய முறை?"

யதுஷா சுத்தியலை ரிப்கானிடம் நீட்டினாள். நேற்று கராஜில் நடந்தது அவனுக்குத் தெரியாது. 'டொக்' என்றுதான் கேட்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, மனமில்லாமல் அடித்தான்.

'டாங்ங்ங்ங்!'

அவனுடைய கண் இரண்டும் அகல விரிந்தன. மைதானத்துக் கடைசியில் நின்ற சின்னப் பிள்ளைகள் எல்லாரும் வகுப்புக்கு ஓடி வந்தார்கள். ரிப்கான் அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான்.

"போதும் மகன், போதும்!" என்று அதிபர் சிரித்தார். "வெள்ளவத்தை முழுக்கக் கேட்டாச்சு!"

ரிப்கான் மூச்சு வாங்க வந்து யதுஷாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றான்.

"காலை மணிக்கு அஞ்சுதானே அடிக்க வேணும், என்ன? நான் எத்தனை அடிச்சன்?"

"ஒன்பது."

"அல்லாஹ்! நாலு கூடவா?"

யதுஷா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்றாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு.

"கணக்குச் சரிதான்," என்றாள். "நீ நாலு வருஷம் காத்துக்கொண்டு நின்றனி."