மெத்தை அடுக்கில் கிடந்த பொட்டலம்

கலீச்சா மெத்தை உதறப் போன அன்று காலையில்தான் சைகாலுக்குக் கெட்ட நேரம் ஆரம்பித்தது.

அந்த ஊரில் மெத்தை அடுக்கின் உயரம்தான் வீட்டின் கௌரவம். கலீச்சாவின் அடுக்கில் பத்தொன்பது மெத்தைகள். இருபதாவதை வைத்தபோது கூரைத் தகடு ஒரு விரற்கடை எழும்பியதாகவும், அதனால்தான் அதை எடுத்துவிட்டதாகவும் அக்கம்பக்கத்தில் இன்றும் சத்தியம் செய்வார்கள். மாதம் ஒருமுறை அவற்றை முற்றத்தில் போட்டுக் கழியால் அடிப்பாள். அந்தச் சத்தத்துக்கு எதிர்மலையில் மேயும் ஆடுகள் படுத்துக்கொள்ளும். அன்று பாதியிலேயே சத்தம் நின்றது. ஆடுகள் எழுந்தன. அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த சைகால் ஜன்னல் வழியாக முற்றத்தை எட்டிப் பார்த்தாள்.

கலீச்சா உள்ளே வந்து, நோட்டுக் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தை மேசைமேல் பிரித்து வைத்தாள். கருகருவென்று ஒரு பிடி முடி. எல்லாம் வேரோடு பிடுங்கியது.

"இது என்ன சைகால்?"

சைகாலுக்கு அது என்னவென்று தெரியும். யாருடையது என்றும் தெரியும். அவள் மாவைப் பார்த்தாள். கலீச்சாவுக்கு அது போதும்.

கலீச்சா அவளுக்கு மூத்த ஓரகத்தி. சந்தேகப்படுவதில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே அவளுக்கு நிகர் இல்லை. ஒருமுறை தபால்காரர் கடிதத்தை இரண்டு நாள் முன்னதாகக் கொண்டுவந்துவிட்டார். எதை மறைப்பதற்காக இந்த அவசரம் என்று அவரை வாசலிலேயே ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தாள். அப்படிப்பட்டவள் கையில் மெத்தைக்குள் ஒளித்த முடி அகப்பட்டால்? படுக்கையில் முடி வைப்பது குடும்பத்தைப் பிரிக்கிறவர்கள் செய்யும் சூனிய வேலை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

குடும்பத்தைப் பிரிக்கச் சைகாலுக்குக் காரணமும் இருந்தது. அதுதான் கலீச்சாவின் பதினான்கு வருஷத்துப் பயம்.

கலீச்சாவுக்குப் பிள்ளை இல்லை. சைகாலுக்குத் தலைப்பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள், அந்தப் பெண்குழந்தையைக் கலீச்சாவின் சட்டைக் கழுத்து வழியாக நுழைத்து மடியில் இறக்கினார்கள். பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற வழக்கம் அதுதான். அந்த நொடியிலிருந்து குழந்தை கலீச்சாவுக்குப் பிறந்தவள். பெர்மெட் என்று பெயர் வைத்தார்கள். இனி ஒருநாளும் 'என் மகள்' என்று சொல்லமாட்டேன் என்று சைகால் வாக்குக் கொடுத்தாள். அதற்குப்பின் அவளுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. கணவன் ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். வருஷத்துக்கு ஒருமுறை மிட்டாயோடு வருவான். ஒரே முற்றத்தில், பெற்ற மகள் தன்னைச் 'சித்தி' என்று கூப்பிடக் கூப்பிட, சைகால் பதினான்கு வருஷம் ரொட்டி சுட்டாள்.

"மூணு மாசமா மேட்டுமேல ஏறி ஏறி போன் பேசறியே, யார்கிட்ட?" என்றாள் கலீச்சா.

"நாரின் டவுன்ல தெரிஞ்சவங்க அக்கா."

"யாரு அந்தத் தெரிஞ்சவங்க?"

அதைச் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் ஒருநாள் கணப்புக்குப் பின்னால் பெர்மெட் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததையும், அவள் விரல்கள் தாமாக முக்காட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு முடியாகப் பிடுங்கியதையும், உச்சியில் உள்ளங்கையகலம் வழுக்கை விழுந்திருந்ததையும் சைகால் பார்த்துவிட்டாள். அம்மாவிடம் சொன்னால் செத்துவிடுவேன் என்று அந்தப் பெண் அழுது சத்தியம் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து சைகாலுக்குத் தூக்கமில்லை. நாரின் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனசைப் பார்க்கிற டாக்டர் ஒருத்தி இருப்பதைக் கண்டுபிடித்து, சிக்னல் கிடைக்கிற ஒரே மேட்டில் ஏறிப் பேசிக்கொண்டிருந்தாள். பெண்ணைக் கூட்டிவரச் சொன்னாள் டாக்டர். கலீச்சாவிடம் கேட்டால், 'அவள்மேல் உனக்கென்ன உரிமை' என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன் என்றுதானே வாக்கு.

மத்தியானம், ஈயம் வார்த்துக் குறி சொல்கிறவளை வரவழைத்தாள் கலீச்சா. பெர்மெட்டை உட்காரவைத்துத் தலைக்குமேல் துணி பிடித்து, உருக்கிய ஈயத்தைத் தண்ணீரில் ஊற்றினார்கள். கிண்ணத்தில் ஒரு கட்டி உறைந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது ஆட்டு ஈரலாகத்தான் தெரிந்தது. ஈயம் வார்க்கிறவளுக்கு மட்டும், பானையோடு நிற்கும் ஒரு பொம்பளையாகத் தெரிந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கிறவள், கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறவள் என்றாள். துணிக்கடியில் பெர்மெட் முக்காட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லிடு சைகால். வச்சது நீயா, இல்லையா?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி, அது யாருடைய முடி என்பது. சைகால் முக்காட்டை விடாத அந்த விரல்களைப் பார்த்தாள்.

"ஆமாக்கா. நான்தான் வச்சேன்."

கலீச்சா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடி… கேட்டா குடுத்திருக்க மாட்டேன்தான். ஆனாலும் கேட்டிருக்கலாமே…"

அவள் கணவன் ஏசென், குதிரையோடு மட்டும் பேசிப் பழகினவர், தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். வீட்டைவிட்டுப் போ என்ற தீர்ப்பு அதுதான் என்று சைகாலுக்குப் புரிந்தது. தன் அண்ணன் வீட்டுக்குப் போக ஒரு பெட்டியில் துணிகளை அடுக்கினாள். கௌரவம் போனது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இனி அந்தத் தலையை யார் கவனிப்பார்கள் என்பதுதான் நெஞ்சை அறுத்தது. வாசலில் நின்று ஒரு காகிதத் துண்டை நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அக்கா. நாரின் ஆஸ்பத்திரியில இந்த டாக்டரம்மாகிட்ட பெர்மெட்டை ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. ஏன்னு கேக்காதீங்க."

கலீச்சாவிடம் ஏன் என்று கேட்காதே என்பது, நதியிடம் ஓடாதே என்பது மாதிரி. "ஏன்? அவளுக்கு என்ன?"

பதில் பின்னாலிருந்து வந்தது. பெர்மெட் முக்காட்டை அவிழ்த்துவிட்டு நின்றாள்.

"அது என் முடிம்மா. நானேதான் பிடுங்கறேன். ஏன்னு தெரியல. பிடுங்கினா கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாகுது, அப்புறம் வெக்கமா இருக்கு. தூக்கிப் போடப் பயமா இருந்துச்சு, மெத்தைக்குள்ள ஒளிச்சேன். சித்தி எனக்காகப் பொய் சொல்றாங்க." மூச்சு வாங்கினாள். "எனக்கு எல்லாம் தெரியும். பன்னெண்டு வயசுலேயே தெரியும். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாக்கற பார்வைக்கு நடுவுல உக்காந்து என்னால சோறு திங்க முடியலம்மா."

கலீச்சா எழுந்தாள். கை ஓங்கியதுபோலத்தான் இருந்தது. சைகால் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆனால் அந்தக் கை மெதுவாக இறங்கி, வழுக்கை விழுந்த இடத்தை மூடிக்கொண்டது.

"இங்க குளிருமேடி… இந்தக் காத்துல."

அப்புறம் மூன்று பேரும் அழுதார்கள். அழுகை ஓய்ந்ததும் கலீச்சா, டாக்டர் என்ன சொன்னாள் என்று விசாரித்தாள். இது பைத்தியமும் இல்லை, சூனியமும் இல்லை, உள்ளே பாரம் ஏறினால் சில பிள்ளைகளுக்கு வருகிற நோய் என்றாளாம். திட்டினால் கூடும், கையைக் கட்டினாலும் பிரயோசனமில்லை, பேசவிட்டுக் கேட்கவேண்டும், வாரம் ஒருமுறை வரவேண்டும் என்றாளாம். சைகால் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"பெட்டியைப் பிரி" என்றாள் கலீச்சா. "என் ஆயுசுல ஒரே ஒரு தடவை ஒருத்தி சொன்னதை அப்படியே நம்பினேன். அதுவும் பொய்யாப் போச்சு பாரு."

மறுநாள் மினிபஸ்ஸில் பெர்மெட்டை நடுவில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டரைக் கலீச்சா குறுக்கு விசாரணை செய்தாள். எங்கே படித்தாள், எத்தனை வருஷம், சுவரில் தொங்கும் சான்றிதழ் அவளுடையதுதானா என்றெல்லாம் கேட்டாள். பிறகு தானும் உள்ளே உட்காரலாமா என்று கேட்டாள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். போனாள். அங்கே என்ன பேசினாள் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை; வரும்போது கண் சிவந்திருந்தது.

ஒரே மாதத்தில் எல்லாம் சரியாகிவிடவில்லை. பரீட்சை வந்த வாரம் மோசமாயிருந்தது. கோடையில் ஒரு காலை, மெத்தை அடிக்கும் சத்தம் மறுபடி பாதியில் நின்றது. சைகால் மாவுக் கையோடு முற்றத்துக்கு ஓடினாள்.

கலீச்சா ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு முடிதான் இருக்கு" என்றாள். "வேற எங்கயாவது ஒளிச்சிருப்பாளோ?"

பத்தொன்பது மெத்தைகளையும் இருவருமாகப் பிரித்துத் தேடினார்கள். வேறு எதுவும் இல்லை. கலீச்சா பொட்டலத்தை அடுப்பில் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பெர்மெட், வா. உங்க ரெண்டாவது அம்மாவுக்கு மாவு பிசைய ஆள் வேணுமாம்."

சைகால் அந்த வார்த்தையைக் கேட்டும் கேட்காததுபோல மெத்தைகளை அடுக்க ஆரம்பித்தாள். அன்று அடுக்கு கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது.